தனியாளுக்குத்தான் வலை வேண்டும்

தூண்டில் போடுகிறவர்களிடம் ஒரு கருத்து நெடுநாளாக ஊறிக் கிடக்கிறது. கைப்பிடியும் வளையமும் வைத்த சிறு வலை, கடைகளில் லேண்டிங் நெட் என்று தொங்குகிறதே, அது இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு உரிய சாமான் என்பது அந்தக் கருத்து. ஒருவர் கோலைப் பிடித்து மீனை இழுத்துவருவார். மற்றவர் வலையை நீட்டி வாங்கிக்கொள்வார். தனியாகப் போகிறவருக்கு அது வீண்சுமை. இருப்பதே இரண்டு கை, ஒன்றில் கோல், ஒன்றில் வலை என்றால் ரீலை யார் சுற்றுவது என்று கேட்பார்கள். ஆகவே தனியாள் மீனை ஓடவிட்டு ஓடவிட்டு நன்றாகக் களைக்க வைக்க வேண்டும். பிறகு கரையோடு இழுத்து, நரம்பைப் பிடித்துத் தூக்கியோ செவுளில் விரலைக் கொடுத்தோ எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியும் வலை வேண்டும் என்று தோன்றினால், தோள்பையில் மடங்கிக் கிடக்கிற மாதிரி சின்னதாக ஒன்று போதும். அனுபவசாலிகள் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரையாகவே இது கைமாறி வருகிறது. இதன் ஒவ்வொரு படியும் தவறு என்பது என் வாதம். துணைக்கு ஆள் இருக்கிறபோது வலை இல்லாமலும் ஒருவாறு சமாளிக்கலாம். ஆள் இல்லாதபோதுதான் வலை இல்லாமல் முடியாது. அதுவும் சின்ன வலை போதாது, பெரியது வேண்டும்.

மீன் எங்கே தவறுகிறது என்று முதலில் பார்க்கலாம். நாற்பது மீட்டர் தள்ளி முள்ளில் மாட்டிய கெண்டையை அவ்வளவு தூரம் இழுத்துவந்து காலடியில் வைத்து இழந்தேன் என்ற புலம்பல் எந்தக் குளக்கரையிலும் கேட்பதுதான். அதை விதி என்று விட்டுவிடுகிறோம். காரணம் கண்ணெதிரே இருக்கிறது. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். 40 மீட்டர் நரம்பு வெளியே இருக்கும்போது மீன் எவ்வளவு உதறினாலும் அந்த நீட்சி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. கடைசி மூன்று மீட்டரில் வாங்கிக்கொள்ள நரம்பே இல்லை. பின்னல் நரம்பாக இருந்தால் நீட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. இதே நேரத்தில்தான் மீன் கரையையும் ஆள் நிழலையும் கண்டு மிரண்டு, மிச்சமிருக்கும் வலுவையெல்லாம் திரட்டி ஒரு பாய்ச்சல் பாய்கிறது. கோலோ செங்குத்தாக நிற்கிறது. வளைவு முழுவதும் மெல்லிய நுனியில் குவிகிறது. கார்பன் கோல்கள் முறிவதும் பெரும்பாலும் இந்த நிலையில்தான். எடைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தண்ணீருக்குள் மீனுக்குக் கிட்டத்தட்ட எடையே இல்லை; உள்ளே இருக்கும் காற்றுப்பை அதைத் தாங்குகிறது. மூன்று கிலோ கட்லா நீரைவிட்டு முழுதாக எழும்பிய மறுகணம் அது மூன்று கிலோ. திடீரென்று விழும் பாரம் நிலையாகத் தொங்கும் பாரத்தைப் போல இரண்டு மடங்கு இழுக்கும் என்பது பள்ளி இயற்பியல். அப்படியானால் ஓர் உதறலில் முடிச்சின் மேல் விழுவது ஆறு கிலோ. நரம்பின் நீளத்தில் மிகப் பலவீனமான இடமே முடிச்சுதான். நரம்பைக் கையில் பிடித்துத் தூக்குகிறவர் கோலின் வளைவையும், மீன் இழுத்தால் நரம்பை ஓடவிடும் ரீலின் ட்ராக்கையும் ஒரே நேரத்தில் கழற்றி எறிந்துவிடுகிறார். அவர் விரலுக்கும் மீனுக்கும் நடுவே மிஞ்சுவது ஒரு முடிச்சும் கொஞ்சம் உதட்டுத் தோலும். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் கோலின் வளைவை விடாமல் வைத்திருக்க, மற்றவர் குனிந்து எடுக்கலாம். தனியாள் குனிகிற நொடியில் கோல் தாழ்கிறது, நரம்பு தொய்கிறது, முள் கழல்கிறது.

இதற்கு விடையாகச் சொல்லப்படுவதுதான் ‘நன்றாகக் களைக்க வை’ என்பது. தெம்பில்லாத மீன் பாயாது, உதறாது; அதுவரை உண்மை. ஆனால் அந்த நிலைக்கு வந்துவிட்ட மீன் பாதி செத்த மீன். 1992இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் வானவில் டிரவுட் மீன்களை ஆய்வகத்தில் களைத்துப்போகும்வரை துரத்திப் பார்த்தார்கள். நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்ட அதே இனம் அது. துரத்திய பிறகு நீரிலேயே விடப்பட்டவற்றில் 12 மணி நேரத்துக்குள் செத்தவை 12 சதவீதம். துரத்தி, 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதம். 60 நொடி வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதம். ஆய்வுக்காக உடலில் குழாய் செருகப்பட்டிருந்த மீன்கள் அவை. ஆற்றில் பிடிபடும் மீனுக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் களைப்பும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற திசையில் சந்தேகமில்லை. வலையில்லாத தனியாள் செய்வது என்ன? எல்லோரையும்விட அதிக நேரம் மீனைக் களைக்க வைக்கிறார். பிறகு எல்லோரையும்விட அதிக நேரம் அதைக் காற்றில் வைக்கிறார், ஏனென்றால் ஒரு கையில் மீன் துள்ளிக்கொண்டிருக்க, கோலைக் கீழே வைத்து, பையில் குறட்டைத் தேடி, முள்ளைக் கழற்றுவதற்குள் அரை நிமிடம் எங்கே போயிற்று என்று தெரியாது. ஆய்வில் சொன்ன இரண்டு தீங்குகளையும் ஒரே அறிவுரை ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. குளிர்நாட்டு ஆற்றைவிட நம் ஊர் நீரில் இது இன்னும் கொடியது. 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைத்திருக்க முடியும். சித்திரை மாதக் கண்மாயில் 30 டிகிரிக்கு மேல் போன நீரில் அது ஏழரை மில்லிகிராம்தான். ஓடிக் களைத்த மீன் மூச்சு வாங்க அங்கே காற்றே குறைவு. விரால் அப்படியில்லையே, சேறு காய்ந்தாலும் காற்றை விழுங்கிப் பிழைக்குமே என்று கேட்கலாம். சரிதான், விராலுக்குக் காற்று பெரிய எமன் இல்லை. அதற்கு எமன் வேறு: உலர்ந்த கையும் சூடான கல்லும் உடம்பின் வழுவழுப்பை உரித்துவிடுவது. அந்தக் கோழைதான் மீனுக்குத் தோலின் மேல் தோல். நீரில் இருக்கும் பூஞ்சையும் கிருமியும் உள்ளே போகாமல் தடுப்பது அது. காற்றில் சமாளிக்கிற விரால், கரையில் புரண்டு கோழை போன பிறகு குளத்துக்குள் என்ன பாடுபடுகிறது என்பது கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கையால் எடுப்பது பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே ஆபத்து மீனுக்கு மட்டும் இல்லை. தேளிக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அதன் பக்கத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு; குத்தினால் கை முழுவதும் வலி ஏறும். கெளுத்தியின் முள்ளில் அரம் போலப் பல் இருக்கிறது, உள்ளே போனது திரும்ப வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். கடலோரத்து இருங்கெளுத்தி இவை இரண்டையும்விட மோசம். குத்திய இடத்தைக் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் முதலுதவி. ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரையில் தனியாக நிற்கிறவருக்கு வெந்நீர் எங்கே கிடைக்கும்? ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் போவது? மீன் வடிவத்து ரப்பர் இரையில் தொங்கும் மூன்று முனைக் கொக்கி இதைவிடக் கெட்டது. ஒரு முனை மீன் வாயிலும் இன்னொரு முனை நம் உள்ளங்கையிலும் ஏறிவிட்டால், மீன் துள்ளத் துள்ள அது ஆழமாகப் போகும்; பிடித்து நிறுத்த வேறு கை இல்லை. அடுத்தது நிற்கிற இடம். நம் ஏரிக்கரைகள் பலவும் கல் பதித்த சரிவுகள். அவற்றின் இடுக்கில் விழுந்த மீனைத் தேடிக் குனிகிறபோது நரம்பு கல்லில் உரசி நைந்துபோகும். கான்கிரீட் பூசிய கால்வாய்ச் சரிவில் நீர்மட்டத்தை ஒட்டிப் பாசி படர்ந்திருக்கும். அதில் ஒரு கால் வழுக்கினால் பிடித்து ஏற எதுவும் இருக்காது, ஓட்டம் இழுத்துக்கொண்டு போகும். கீழே இறங்கி எடு என்று தனியாளிடம் சொல்லும்போது, மேலே நின்று கை கொடுக்க யாரும் இல்லை என்பதை மறந்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

இனி அந்தச் சின்ன வலை. இந்தச் சமரசம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது, ஏனென்றால் வலையே வேண்டாம் என்பதைவிட இது அறிவுக்கு ஒத்ததுபோலத் தோன்றுகிறது. துணையாள் வைத்திருக்கும் வலை சின்னதாக இருந்தாலும் பாதகமில்லை. அவருக்கு இரண்டு கையும் காலியாக இருக்கின்றன, கண் முழுவதும் மீன் மேல் இருக்கிறது, மீன் விலகினால் ஓரடி எடுத்துவைக்கலாம். தனியாளின் வலை அசையாமல் கிடக்கும். மீனைத்தான் அதன் மேல் கொண்டுவந்தாக வேண்டும். குறி தவறுவதற்கு இடம் கொடுக்க வேண்டியது அவருடைய வலையின் வாய்தான். இதற்குச் சான்று வேண்டுமானால் பிரிட்டனில் பெரிய கெண்டை பிடிப்பவர்களைப் பாருங்கள். தூண்டில்காரர்களிலேயே தனிமைக்குப் பேர்போனவர்கள் அவர்கள். ஒரே குளக்கரையில் கூடாரம் போட்டு இரவு பகலாகத் தனியாகக் காத்திருக்கிறவர்கள். அவர்கள் வழக்கமாக வைத்திருப்பது 42 அங்குலக் கைகள் உள்ள முக்கோண வலை, அதாவது ஒரு மீட்டருக்கு மேல். அதன் முன்விளிம்பில் கம்பி கிடையாது. இரண்டு கைகளின் நுனியை இழுத்துக் கட்டிய கயிறுதான். வாயைத் திறந்து நீரில் தாழ்த்தி வைத்தால் அந்தக் கயிற்றைத் தாண்டி மீன் வழுக்கிக்கொண்டு உள்ளே வரும், இடிக்க விளிம்பே இல்லை. ரோகும் கட்லாவும் இரண்டு மூன்று கிலோவுக்குள் பிடிக்கிற நமக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை. ஆனால் வாய் அறுபது சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பேன். பிடிக்க நினைக்கிற மீனின் நீளம் வலையின் வாயில் குறுக்கே அடங்க வேண்டும். மடங்கித்தான் உள்ளே போகும் என்றால் அது துணையாளுக்கு உரிய வலை.

கடையில் வலையைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் பார்ப்பது கைப்பிடி எவ்வளவு நீளும் என்பதை. நான் பையை முதலில் பார்க்கச் சொல்வேன். பை தட்டையாக, தோசைக்கல் மாதிரி இருந்தால் மீன் ஒரே துள்ளலில் வெளியே. வளையத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் பை அதன் மேல் மடிந்து வாயை மூடிக்கொள்ளும் அளவுக்கு ஆழம் வேண்டும். பிறகு கண்ணியை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நைலான் நூலை முடிச்சுப் போட்டுப் பின்னியது என்றால் விரல் நுனிக்கே சொரசொரப்புத் தெரியும். மீனின் துடுப்பைப் பிளப்பதும் செதிலை வழிப்பதும் அந்த முடிச்சுகள்தான். இங்கிலாந்தில் முடிச்சுக் கண்ணியோ உலோகக் கண்ணியோ உள்ள லேண்டிங் நெட்டைச் சட்டமே தடுக்கிறது. முடிச்சில்லாமல் நெய்து ரப்பர் பூசிய கண்ணி நல்லது, முள்ளும் அதில் எளிதில் சிக்காது. தனியாளுக்கு அந்தக் கடைசிக் குணம் சிறிய விஷயமில்லை: மீன் உள்ளேயும் கொக்கி கண்ணியிலுமாக மாட்டிக்கொண்டால் பிரித்தெடுக்க ஆள் கிடையாது. ரப்பருக்கு ஒரு குறை உண்டு, எடை அதிகம். சில வகைப் பைகள் தாழாமல் நீர்மேல் உப்பிக்கொண்டும் நிற்கும். வழுவழுப்பான கூழாங்கல் ஒன்றைப் பைக்குள் போட்டால் தாழ்ந்துவிடும். ஓடும் ஆற்றில் நெருக்கமான கண்ணி நீரோட்டத்தை வாங்கிக்கொண்டு கையைத் திருகும், அங்கே கொஞ்சம் அகன்ற கண்ணிதான் வசதி. கைப்பிடிக்கு வேறு ரகசியம் இல்லை. நிற்கிற இடத்திலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று பார்த்து, அதற்குமேல் முக்கால் மீட்டர் சேர்த்துக்கொண்டால் போதும். முழங்கால் நீரில் இறங்கி நிற்கிறவருக்கு முழம் நீளம் தாராளம். அணைக்கட்டுச் சுவரில் நிற்கிறவருக்கு மூன்று மீட்டரும் பற்றாது.

ரீலை யார் சுற்றுவது என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். யாரும் சுற்ற வேண்டியதில்லை என்பதே விடை. வலையைக் கையில் எடுக்கும் முன்பே சுற்றல் முடிந்திருக்க வேண்டும். ஒன்பதடிக் கோல் என்றால் நுனியிலிருந்து மீன்வரை ஒன்பது, பத்தடி நரம்பு வெளியே இருக்க வேண்டும். அதைவிடக் குறைத்துச் சுற்றிவிட்டால் மீன் நுனிக்குக் கீழேயே தொங்கும், வலைக்கு எட்டாது. எட்ட வைக்கப் போனால் கோல் முறியும். கூடுதலாக விட்டிருந்தால் கோலை எவ்வளவு பின்னால் சாய்த்தாலும் மீன் வந்து சேராது. நீளம் சரியாக இருந்தால் கோல் பிடித்த கையைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டுபோனாலே மீன் நீர்மேல் வழுக்கிக்கொண்டு முன்னால் வரும். கடைசி இழுப்பைச் செய்வது கோல். ரீலுக்கு அங்கே வேலையில்லை. ரீலில் கை இல்லாத அந்தச் சமயத்தில் மீன் பாய்ந்தால் நரம்பு தானாக ஓடட்டும் என்று ட்ராக்கைச் சற்று முன்பே தளர்த்தி வைத்திருக்க வேண்டும். வலை ஏற்கெனவே நீருக்குள் கிடக்கிறது. முதல் வீச்சுக்கு முன்பே கைப்பிடியை முழுதாக நீட்டிப் பூட்டி, எந்த இடத்தில் மீனை வாங்கப்போகிறோம் என்று பார்த்து வைத்து, இப்போது வளையத்தை ஒரு சாண் ஆழத்தில் அமிழ்த்திவிட்டோம். கைப்பிடி தொடைமேலோ முன்கை மேலோ சாய்ந்திருக்கிறது. மீனின் தலை நீர்மட்டத்துக்கு மேல் நிற்கிறது. தலை மேலே இருக்கும்வரை வாலுக்கு உந்துவதற்குப் பிடிமானம் இல்லை. அது வளையத்தைத் தாண்டுகிறது. மூக்கு, செவுள், வயிறு, பிறகு வால். வால் உள்ளே வந்த பிறகு வலையை உயர்த்த வேண்டும், அதற்கு ஒரு நொடி முன்னாலும் கூடாது. ஓடும் நீரில் மீனை வலைக்கு மேற்புறம் கொண்டுவந்து நிறுத்தினால் ஓட்டமே அதை உள்ளே இறக்கித் தரும்.

பலரும் செய்கிற தப்பு, வலையை எடுத்து மீனைத் துரத்தி அள்ளப் பார்ப்பது. வலையின் உருவம் சோறு அள்ளும் கரண்டியைப் போல இருப்பதால் கை தானாக அப்படிப் போகிறது. மீனுக்கு முன்னால்தான் பாயத் தெரியும். வால் பக்கமிருந்து வரும் வலை அதை வெளியே விரட்டுகிற வேலையைத்தான் செய்கிறது. தலைப்பக்கம் காத்திருக்கும் வலைக்குள் அதே பாய்ச்சல் மீனைக் கொண்டுவந்து போட்டுவிடும். கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. நீருக்குள் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் மீன் மேலிருந்து பார்ப்பவருக்கு 30 சென்டிமீட்டரில் இருப்பதாகத் தெரியும், ஒளி அப்படி வளைகிறது. அள்ளுகிறவரின் வளையம் மீனின் முதுகில் இடிக்கும், நரம்பில் தட்டும், முள் கழன்று போகும். அசையாத வலையிடம் இந்தத் தப்புக்கு வாய்ப்பே இல்லை. உள்ளே வந்த பிறகு இன்னொரு தப்பு காத்திருக்கிறது: கைப்பிடியின் அடியைப் பிடித்து அப்படியே நிமிர்த்துவது. கடப்பாரை நுனியில் பாரத்தைக் கட்டி மறுமுனையைப் பிடித்துத் தூக்குவது போன்றது அது. இரண்டு கிலோ மீனுக்கு மணிக்கட்டு துவண்டுவிடும், கைப்பிடி மூட்டு வளைந்துவிடும். கோலைக் கீழே வைத்து, ரீலின் வளையத்தைத் திறந்து நரம்பைத் தளரவிட்டு, கைப்பிடியை உடம்புக்குப் பின்னால் கை மாற்றிக் கை மாற்றி இழுத்து, வலையின் விளிம்பையே பிடிக்க வேண்டும். பை அப்போதும் தண்ணீருக்குள் இருக்கிறது. மீன் செவுளை அசைத்து மூச்சு விடுகிறது. தனியாளுக்கு இப்போது முதல்முறையாக இரண்டு கையும் காலி. குறட்டை நிதானமாக எடுக்கலாம்.

என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று வலையைச் சோதித்த ஆய்விலிருந்தே வருகிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 2003இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில் புளூகில் என்ற சிறிய நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடித்து, சிலவற்றை வலை இல்லாமலும், மற்றவற்றை நான்கு வகை வலைகளிலும் வாங்கி, ஏழு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். வலையில்லாமல் எடுத்தவற்றில் ஒன்றும் சாகவில்லை. வலையில் வாங்கியவற்றில் வலைக்கு வலை 4 முதல் 14 சதவீதம் செத்தன. துடுப்புச் சேதமும் செதில் இழப்பும் முடிச்சுக் கண்ணியில் கூடுதல். ஆகவே கைதான் நல்லது என்று முடிவுகட்டலாமா? புளூகில் உள்ளங்கைக்குள் அடங்கும் மீன். தூண்டிலோடு தூக்கி, ஒரு கையால் பொத்திப் பிடித்து, முள்ளைக் கழற்றிவிடலாம். அந்த அளவு மீனுக்கு வலை வேண்டாம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர் ஜிலேபி மீனையும் பொடிக் கெண்டையையும் வலையில் வாங்குவது வெட்டி வேலை. ஒரு கையில் அடங்காத மீனுக்கு இந்த ஆய்வை நீட்ட முடியாது, ஏனென்றால் அங்கே ஒப்பிட வேண்டியது வலையையும் கல் சரிவையும், வலையையும் அறுந்த நரம்பையும். உதட்டில் முள்ளும் பின்னால் இரண்டு முழ நரம்புமாகப் போகும் மீனை ஏழு நாள் தொட்டியில் வைத்து எண்ணியவர்கள் அந்த ஆய்வில் இல்லை. இன்னும் ஒன்று. அதே ஆய்வு எல்லா வலையும் ஒன்றல்ல என்று காட்டுகிறது. கண்ணியைத் தடவிப் பார்த்து வாங்கு என்று சொல்வதற்கு எனக்குக் கிடைக்கும் மிக நல்ல ஆதாரம் அதுவே.

நாங்கள் சாப்பிடத்தான் பிடிக்கிறோம், விடுவதற்கு இல்லை, இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. நம் ஊரில் தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது உண்மையான நிலை, இதை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். குழம்புக்குப் போகும் மீனைக் காலடியில் இழப்பது விடுவதற்காகப் பிடித்ததை இழப்பதைவிட வலிக்குமே தவிரக் குறைவாக வலிக்காது. வலை முதலில் காப்பாற்றுவது அந்த மீனைத்தான். அதோடு, சாப்பிடப் பிடிக்கிறவரும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதில்லை. கைநீளம்கூட வராத கட்லாக் குஞ்சு மாட்டுகிறது. முட்டையும் வயிறுமாக ஒன்று மாட்டுகிறது. நீர்மேல் செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் கொப்பளித்துக்கொண்டிருக்கும் இடத்தில் ரப்பர் தவளையை இழுத்தால் அடிப்பது பசியில் வரும் விரால் இல்லை. குஞ்சைக் காக்கிற தாயோ தகப்பனோ. அதை எடுத்துவிட்டால் அந்தக் கூட்டம் மற்ற மீன்களுக்கு ஒருவேளை இரை. பிடித்தது எது, எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க ஒரு நிமிடம் வேண்டும். கையில் துள்ளும் மீன் அந்த நிமிடத்தைக் கொடுக்காது. நீருக்குள் தொங்கும் வலைப்பை கொடுக்கும்.

விதிவிலக்கு எங்கே என்றால், மணல் கடற்கரை. அங்கே அலையே மீனைச் சுமந்துவந்து ஈர மணலில் கிடத்திவிட்டுப் பின்வாங்கும், அலையின் தாளத்துக்கு இழுக்கத் தெரிந்தவருக்கு வலை குறுக்கே நிற்கும். ஆனால் அதே கடலில் இருநூறு மீட்டர் தள்ளித் துறைமுகத் தடுப்புச்சுவர் இருக்கும். கொடுவாவும் பாறை மீனும் அங்கேதான் நிற்கும் என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கற்குவியலின் உச்சியிலிருந்து நீர் மூன்று நான்கு மீட்டர் கீழே. கைப்பிடி வலை எட்டாது. அங்கே வேண்டியது கயிற்றில் தொங்கும் வட்ட வலை. கயிற்றின் மறுமுனையை அசையாத எதிலாவது கட்டிவிட்டு, வலையை முதலில் நீரில் இறக்கி, மீனை அதன் மேல் கொண்டுவந்து, நேராகத் தூக்க வேண்டும். எடை முழுவதும் கயிற்றுக்குப் போகும், நரம்புக்கு இல்லை. இதுவும் இல்லாமல் போகிறவர் கடைசியில் செய்வது ஒன்றுதான்: பெரிய மீன் மாட்டிய பரபரப்பில், ஒரு கையில் கோலோடு, பாசி படிந்த கற்களில் கால் வைத்துக் கீழே இறங்குவது. ஏழெட்டு அலை சின்னதாக வந்து போகும், அடுத்தது இடுப்புயரம் வரும். வலை எட்டாத அந்த மாதிரி இடத்தில், மேலே ஆள் இல்லாமல், முதல் வீச்சையே வீசக் கூடாது.